‘டிஸ்க் ரீட் எரர்’ காட்டுதா உங்க பழைய பிஎஸ்2? டிஸ்க் இல்லாமலே ஓட வைக்கும் ‘ஹோம்ப்ரூ’ வழியும், அதற்கு முன் செய்ய வேண்டிய வேலையும்

திருப்பூர், அவிநாசி பக்கம் எம்ப்ராய்டரி ஜாப் ஒர்க் எடுக்கும் யூனிட்களில் பழைய கம்ப்யூட்டர் மெஷின்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். மெஷின் பல வருஷத்துக்கு முந்தையது, ஊசி எல்லாம் ஜோராக ஓடும். ஆனால் ஃபிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் மட்டும் ஒரு புதுப் பெட்டி உட்கார்ந்திருக்கும். பென்டிரைவ் சொருக ஒரு துளை, மூன்று இலக்கம் காட்டும் சின்னத் திரை, பக்கத்தில் இரண்டு பட்டன்.

அந்தப் பெட்டி செய்வது ஒரு சின்ன ஏமாற்று வேலை. பஞ்சிங் செய்த டிசைனை மெஷின் ஃபிளாப்பியிடம்தான் கேட்கிறது. பெட்டி பென்டிரைவில் இருந்து எடுத்து, ‘இந்தா ஃபிளாப்பி’ என்று நீட்டுகிறது. மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. ஃபிளாப்பியே கடையில் கிடைக்காத காலத்தில், பல லட்ச ரூபாய் மெஷினைக் காயலான் கடைக்குப் போகாமல் காப்பாற்றியது இந்த உத்திதான். ஃபிளாப்பியை அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவரான சோனியே ஜப்பானில் அதன் விற்பனையை 2011 மார்ச்சோடு நிறுத்திக்கொண்டது.

அதே சோனியின் இன்னொரு பெட்டி பல வீட்டுப் பரணில் தூங்குகிறது. 2000-ல் வந்து, உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்று, 2013 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன ப்ளேஸ்டேஷன் 2. லீவு நாளில் தூசி தட்டி ஆன் செய்தால் பெரும்பாலும் பவர் வரும், லோகோ வரும், அந்தப் பழைய சத்தமும் வரும். டிஸ்க்கைப் போட்டதும்தான் ‘டிஸ்க் ரீட் எரர்’. போர்டும் சிப்பும் நன்றாக இருக்க, டிஸ்க்கைப் படிக்கும் லேசர் லென்ஸ் மட்டும் களைத்துப்போயிருக்கும்.

எம்ப்ராய்டரி மெஷினுக்குச் செய்ததை இதற்கும் செய்ய முடியுமா? முடியும். ஸ்குரூடிரைவர்கூட வேண்டாம். ‘ஓப்பன் பிஎஸ்2 லோடர்’, சுருக்கமாக ஓபிஎல் என்ற இலவச மென்பொருள் போதும். கேம் டிஸ்க்கைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் இது குறுக்கே புகுந்து, பென்டிரைவில் உள்ள நகலில் இருந்து எடுத்துக் கொடுக்கும். இப்படி நிறுவனத்தின் அனுமதி முத்திரை இல்லாமல் ஆர்வலர்களே எழுதி இயக்கும் மென்பொருளுக்குத்தான் ‘ஹோம்ப்ரூ’ என்று பெயர். ஓபிஎல்லின் மூல நிரல் கிட்ஹப் தளத்தில் திறந்தே கிடக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம்.

சோனி விட்டுவைத்த கதவு

சோனியின் முத்திரை இல்லாத டிஸ்க்கை பிஎஸ்2 சாதாரணமாக ஏற்காது. அதனால்தான் ஒரு காலத்தில் கடைகளில் ‘சிப் போட்ட’ பிஎஸ்2 என்று தனியாகவே கேட்டு வாங்கினார்கள். போர்டில் இழை இழையாகக் கம்பி வைத்து ‘மாட்சிப்’ சால்டர் செய்தால், எரித்த டிவிடி எல்லாம் ஓடும். இன்று அந்த வேலைக்கு அவசியமே இல்லை. காரணம், சோனியே வைத்த ஒரு வசதி.

ஜப்பானில் முதன்முதலில் விற்ற பிஎஸ்2-களில் டிவிடி பிளேயர் மென்பொருள் மெமரி கார்டில்தான் வந்தது. ஆகவே ஆன் ஆகும்போதே மெமரி கார்டில் ஏதாவது ‘சிஸ்டம் அப்டேட்’ இருக்கிறதா என்று பார்க்கும்படி கன்சோலை வடிவமைத்தார்கள். ‘ஃப்ரீ மெக்பூட்’ என்ற ஹோம்ப்ரூ அந்த அப்டேட் போலவே வேஷம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. கன்சோல் தானாகவே அதை இயக்குகிறது, மெனு திறக்கிறது, அங்கிருந்து ஓபிஎல்லுக்குப் போகலாம். கார்டைக் கழற்றினால் கன்சோல் பழையபடி ஆகிவிடும். எதையும் நிரந்தரமாக மாற்றுவதில்லை என்பதால் ‘கெட்டுப்போயிடுமோ’ என்ற பயம் இந்தப் படியில் தேவையில்லை.

முதலில் கன்சோலின் பின்பக்க ஸ்டிக்கரில் ‘எஸ்சிபிஎச்’ என்று தொடங்கும் மாடல் எண்ணைப் பாருங்கள். 30000, 50000 வரிசைகள் குண்டு மாடல். 70000-க்கு மேல் ஸ்லிம். கடைசியாக வந்த 90000 வரிசையில்தான் சிக்கல். அதில் பிற்பாடு தயாரான பெட்டிகளில் இந்தக் கதவை சோனி அடைத்துவிட்டது. அதற்கு முந்தைய, இங்கே புழங்கிய மாடல்களில் ஃப்ரீ மெக்பூட் வேலை செய்யும்.

கதவு அடைத்த மாடல் வைத்திருப்பவர்களுக்கு ‘ஓப்பன்ட்யூனா’ இருக்கிறது. இதுவும் மெமரி கார்டு வழிதான், ஆனால் மெமரி கார்டு திரைக்குள் போனால்தான் இயங்கத் தொடங்கும். இன்னொரு வழி 2020 ஜூனில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்ட ‘ஃப்ரீ டிவிடி பூட்’. பிஎஸ்2-ன் டிவிடி பிளேயரில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தி, சாதாரண டிவிடியில் எரித்த கோப்பில் இருந்தே ஹோம்ப்ரூவை இயக்கும். அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் லென்ஸ் செத்துப்போன பெட்டிக்கு டிஸ்க் வழி எப்படி உதவும்?

ஃப்ரீ மெக்பூட்டைக் கார்டில் பதிக்க, ஏற்கெனவே ஹோம்ப்ரூ ஓடும் ஒரு பிஎஸ்2 தேவை. நண்பர் யாரிடமாவது இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லையென்றால் பதித்தே விற்கும் கார்டுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. அப்படி வாங்கும் மலிவுக் கார்டுகளில் கேம் சேவ்களை வைக்காதீர்கள். பூட் கார்டு தனி, பழைய சோனி கார்டு தனி. ஸ்லாட்தான் இரண்டு இருக்கிறதே.

டிஸ்க்கை விடுங்க, முதலில் கார்டு

மெனு திறந்ததும் எல்லோரும் நேராக கேமுக்குத்தான் பாய்வார்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டிஸ்க்கில் இருப்பது லட்சக்கணக்கில் அச்சான பிரதிகளில் ஒன்று. உங்களுடையது கீறிப்போனாலும் உலகத்தில் இன்னொன்று இருக்கும். மெமரி கார்டில் இருப்பது அப்படியல்ல. அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டே முடித்த சான் ஆண்ட்ரியாஸ், பத்தாவது பரீட்சை சமயத்தில் அப்பாவுக்குத் தெரியாமல் ஆடிய கிரிக்கெட் சீசன், இவற்றுக்கு இரண்டாவது பிரதி எங்கேயும் கிடையாது. மொத்தமே 8 எம்பி. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் சொல்லும் ஒரு வீடியோ அளவு.

அவிநாசிக்காரர்களுக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. குளத்தில் முதலை விழுங்கிய பாலகனை, சுந்தரர் பதிகம் பாடி மீட்டார். முதலை கக்கியபோது பையன் விழுங்கப்பட்ட வயதில் இல்லை, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான் என்கிறது தலபுராணம். மெமரி கார்டு அவ்வளவு தாராளமில்லை. 2008-ல் விட்ட இடத்திலேயே, அதே பாதி மிஷனில் நிற்கும்.

மீட்பது சுலபம். ஃப்ரீ மெக்பூட் மெனுவில் ‘யூலாஞ்ச்’ என்ற கோப்பு மேலாளர் இருக்கும். பென்டிரைவைச் சொருகி, அதைத் திறந்து, மெமரி கார்டுக்குள் போனால் ஒவ்வொரு கேமின் சேவும் ஒரு ஃபோல்டராகத் தெரியும். பெயர்கள் புரியாத எழுத்தும் எண்ணுமாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஃபோல்டர் மேல் நின்று ஆர்1 அழுத்தினால் மெனு வரும், காப்பி கொடுங்கள். பிறகு பென்டிரைவுக்குப் போய் மறுபடி ஆர்1. இங்கே வெறும் ‘பேஸ்ட்’ கொடுக்காமல் ‘பிஎஸ்யூ பேஸ்ட்’ கொடுக்க வேண்டும். பிஎஸ்யூ வடிவில் சேவ் ஒரே கோப்பாக வரும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்குச் சேமித்தது என்ற விவரமும் உள்ளேயே இருக்கும். பென்டிரைவில் இருந்து அதை கூகுள் டிரைவிலோ மெயிலிலோ போட்டு வைத்தால் முடிந்தது. பின்னாளில் ‘பிசிஎஸ்எக்ஸ்2’ எமுலேட்டரில் கம்ப்யூட்டரிலேயே ஆட நினைத்தாலும் இதே கோப்பு உதவும்.

கேமை நகலெடுப்பது எப்படி?

இதற்கு பிஎஸ்2 தேவையில்லை, டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். இன்றைய லேப்டாப்களில் அது இல்லை என்பதால் யூஎஸ்பியில் சொருகும் வெளி டிரைவ் ஒன்றை இரவல் வாங்குங்கள். டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கித் துடைத்துவிட்டு, ‘இம்க்பர்ன்’ போன்ற இலவச மென்பொருளில் போட்டால் மொத்த டிஸ்க்கும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக வந்துவிடும். கன்சோலின் லென்ஸ் படிக்காத டிஸ்க்கைக்கூட கம்ப்யூட்டர் டிரைவ் படித்துவிடுவது உண்டு. அடிப்பக்கம் நீலமாக இருக்கும் டிஸ்க்குகள் சிடி; வெள்ளி நிறத்தில் இருப்பவை டிவிடி.

பென்டிரைவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘டிவிடி’, ‘சிடி’ என்று இரண்டு ஃபோல்டர்கள் போட்டு, கோப்பை அதனதன் இடத்தில் வைத்தால் ஓபிஎல் கண்டுபிடித்துக்கொள்ளும். ஓபிஎல் செட்டிங்ஸில் யூஎஸ்பியைத் தானாகத் தொடங்கும்படி மாற்றிவிட்டு ‘சேவ் சேஞ்சஸ்’ கொடுங்கள். அதை மறந்துவிட்டு, ‘நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடல’ என்று புலம்புபவர்கள் ஏராளம்.

பென்டிரைவைப் பழைய ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. பெரிய கேம்கள் அதைத் தாண்டும். முன்பெல்லாம் ‘யூஎஸ்பி யூடில்’ மென்பொருளால் ஒரு ஜிபி துண்டுகளாக வெட்டி ஏற்றினார்கள். புதிய ஓபிஎல் பதிப்புகள் எக்ஸ்ஃபேட் முறையையும் படிப்பதால் அந்தத் தலைவலி குறைந்துவிட்டது.

வேகம்தான் உண்மையான பிரச்னை. பிஎஸ்2-ல் இருப்பது யூஎஸ்பி 1.1. காகிதத்தில் விநாடிக்கு ஒன்றரை எம்பி, நடைமுறையில் சுமார் ஒரு எம்பி. கன்சோலின் டிவிடி டிரைவோ விநாடிக்கு 5 எம்பி வரை படிக்கக்கூடியது. விலை உயர்ந்த பென்டிரைவ் வாங்கினாலும் மாற்றம் வராது. குழாய் சின்னது, டேங்க் பெரிதாகி என்ன பயன்? ஆட்டம் பெரும்பாலும் ஓடிவிடும். நடுநடுவே வரும் வீடியோ காட்சிகளில்தான் படம் திக்கித் திணறும், வசனம் விட்டுவிட்டு வரும்.

இதைத் தவிர்க்க, மெமரி கார்டு ஸ்லாட்டில் சொருகும் மைக்ரோ எஸ்டி அடாப்டர் வாங்கலாம். குண்டு மாடலில் நெட்வொர்க் அடாப்டர் போட்டு ஹார்ட் டிஸ்க்கே வைக்கலாம். ஸ்லிம் மாடலில் ஈத்தர்நெட் துளை கூடவே இருக்கிறது; அதில் கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் உள்ள நகலை நேரடியாக ஓட்டலாம்.

இந்தக் கடைசி வழியில் ஒரு எச்சரிக்கை. ஓபிஎல் பேசுவது ‘எஸ்எம்பி1’ என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய ‘வான்னாக்ரை’ ரேன்சம்வேர் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு முதல் புதிய விண்டோஸ் 10-ல் அதை மைக்ரோசாஃப்ட் அணைத்தே வைக்கிறது. யூடியூப் வீடியோ பார்த்து அதை ஆன் செய்பவர்கள் எந்த லேப்டாப்பில் செய்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பனியன் கம்பெனி கொடுத்த ஆபீஸ் லேப்டாப், அதில் பையர் அனுப்பிய டெக் பேக், ஆர்டர் விவரம், நாளைக்கு அதே லேப்டாப் ஆபீஸ் வைஃபையில். ஒரு கேமுக்காக இந்த ரிஸ்க் வேண்டவே வேண்டாம். இணையத்தில் இணைக்காத பழைய கம்ப்யூட்டர் இருந்தால் மட்டும் முயலலாம்.

இது சட்டப்படி சரியா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 52-வது பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று பட்டியலிடுகிறது. சட்டப்படி ஒரு கணினி நிரலின் பிரதியை வைத்திருப்பவர், அது தொலைந்தோ, அழிந்தோ, சேதமடைந்தோ போகாமல் இருக்கத் தற்காலிகப் பாதுகாப்பாக பேக்கப் எடுக்கலாம் என்பது அதில் ஒன்று. அந்த நகலையும் எதற்காக நிரல் விற்கப்பட்டதோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இதில் ‘வைத்திருப்பவர்’ என்ற சொல்தான் முக்கியம். டிஸ்க்கை ஓஎல்எக்ஸில் விற்றுவிட்டு நகலை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ‘நான் அப்பவே ஒரிஜினல் வாங்கினேன், அதனால இப்ப டவுன்லோடு பண்றேன்’ என்ற வாதமும் நிற்காது. அங்கே நகலெடுத்தது நீங்கள் அல்ல, நகலெடுக்கப்பட்டது உங்கள் டிஸ்க்கும் அல்ல. இன்னொன்று, இந்த விலக்கு பேசுவது கணினி நிரலைப் பற்றி. ஒரு வீடியோ கேமில் நிரலோடு இசை, படம், வசனம் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன.

பூட்டை உடைப்பது பற்றி? அமெரிக்காவின் 1998-ம் ஆண்டு டிஎம்சிஏ சட்டத்தில், சில விலக்குகள் தவிர, பூட்டை மீறுவதே தவறு. இந்தியாவில் 2012 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை மீறுபவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் என்கிறது. நோக்கம் என்ற சொல் இங்கே எடை தாங்குகிறது.

ஆகவே சொந்த டிஸ்க்குக்கு வீட்டில் பேக்கப் எடுப்பவர் ஒரு பக்கம். ‘200 கேம் லோடு செய்தது’ என்று ஹார்ட் டிஸ்க் விற்பவரும், அதை வைத்து மணிக்கு இவ்வளவு என்று கேம் சென்டர் நடத்துபவரும் வேறு பக்கம். திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் 63பி பிரிவின்படி குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். கேம் சென்டர்காரர் அந்தச் சலுகையைக் கேட்கவே முடியாது.

வெளிநாட்டிலும் அடி விழுவது பெரும்பாலும் காசு பார்த்தவர்கள் மேல்தான். நின்டெண்டோ கன்சோல்களின் பூட்டை உடைக்கும் கருவிகளை விற்ற ‘டீம் எக்ஸிக்யூட்டர்’ குழுவைச் சேர்ந்த கேரி பவுசருக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது.

அனுமனை யார் காப்பாற்றுவது?

விற்பனைக்கே இல்லாத கேம்களின் நிலைமைதான் இதில் சங்கடமானது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காதவை. ஆன்லைன் ஸ்டோர் இருக்கிறதே என்றால், சோனி தன் பிஎஸ்3, வீட்டா ஸ்டோர்களையே 2021-ல் மூடப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் பின்வாங்கியது.

நம் ஊர்க் கதை இன்னும் மோசம். 2009-ல் ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’ பிஎஸ்2-க்கு வந்தது. முழுக்க இந்தியாவில் தயாரான முதல் ப்ளேஸ்டேஷன் கேம் என்றுதான் அதை அறிமுகப்படுத்தினார்கள். கடவுளை ஜாய்ஸ்டிக்கில் ஆட்டுவதா என்று அமெரிக்காவில் ராஜன் ஜெட் எதிர்ப்புத் தெரிவிக்க, அதுவும் செய்தியானது. அதே ஆண்டு கேம்சாஸ்திராவின் ‘தேசி அட்டா’. கபடி, கிட்டிப்புள், பட்டம் எல்லாம் கன்சோலில். 2011-ல் ‘ரா.ஒன்’, 2013-ல் ‘டான் 2’. விளையாடியவர்கள் இவற்றைப் பெரிதாகப் புகழ மாட்டார்கள், அது நியாயமும்தான். ஆனால் இந்தியாவில் கன்சோல் கேம் செய்யப் பழகியவர்களின் கைவேலை இதில்தான் இருக்கிறது. ரீமாஸ்டர் வரும், ஸ்டோரில் சேர்ப்பார்கள் என்று சான் ஆண்ட்ரியாஸுக்கு எதிர்பார்க்கலாம், நடக்கவும் செய்தது. ‘ஹனுமான்’ டிஸ்க்குக்கு யாரும் அதைச் செய்யப்போவதில்லை.

எனவே பரணில் இருந்து பெட்டியை இறக்குபவர்கள், அடியில் கிடக்கும் டிஸ்க் உறைகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இந்தியக் கேம் ஏதாவது தென்பட்டால், லென்ஸ் போன பெட்டியில் போட்டுப் போட்டுப் பார்த்து கீறல் விழ வைக்காமல், கம்ப்யூட்டரில் அதைத்தான் முதலில் நகலெடுக்க வேண்டும். நகல் சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. டிஸ்க் நகல்களின் ‘ஹாஷ்’ எண்களை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்களை, ‘ரீடம்ப்’ என்ற ஆர்வலர் குழு சேகரித்து வைக்கிறது. உங்கள் ஐஎஸ்ஓ கோப்பின் எண் அங்கே உள்ளதோடு ஒத்துப்போனால் ஒரு பிட்கூடத் தவறாமல் நகல் வந்திருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் டிஸ்க்கை இன்னொரு தடவை துடைத்து, வேகத்தைக் குறைத்து, மறுபடி படிக்க விடுங்கள்.